புதுப்பிப்பு: சாடி மிளகாய்க்கு மண்ணும் உரமும்

செம்மண்ணும் மாட்டெருவும் சரிபாதி என்று முன்பு எழுதியதைத் திருத்துகிறேன். வன்னிப் பகுதிச் செம்மண் சாடிக்குள் காய்ந்தால் கல்லாக இறுகும். ஊற்றும் தண்ணீர் ஓரத்தால் வழிந்து ஓடிவிடும். மேல்மண் 2 பங்கு, மக்கிய எரு 1, கழுவிய தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) 1, உமிக்கரி அரைப் பங்கு போடுங்கள். கழுவாத தும்பில் உப்பு இருக்கும். பச்சை எரு வேரைச் சுட்டுவிடும்.

யூரியா, 10 லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, சாடிக்கு அரை லீற்றர், இரண்டு கிழமைக்கு ஒருமுறை. பூ வந்ததும் குறையுங்கள். மிஞ்சினால் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், பூ கொட்டும்.

மண்ணில் வெள்ளை படிந்து இலைநுனி கருகினால் உரம் போதாமை என்று எண்ணி இன்னும் போடாதீர்கள், தயவுசெய்து. அது உப்புத் தேக்கம். சாடிக் கொள்ளளவின் இரு மடங்கு மழைத்தண்ணீர் ஊற்றி அடித்துளையால் வடிய விடுங்கள்.

இலைச் சுருளலுக்கு உரம் கேட்டவர்கள் முதலில் இலையின் அடியில் சாறு உறிஞ்சி இலையைச் சுருட்டும் பனிப்பூச்சி, சிற்றுண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.