லீன் 4-இல் கழுதை வாக்கியம்: 'அதை' கிடைக்கவில்லை

கேட்டவர்:
வணக்கம். தத்துவவியலாளர் பீட்டர் கீச் 1962-இல் எழுதிய எடுத்துக்காட்டின் பிரபல வடிவம்: 'கழுதை வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியும் அதை அடிக்கிறார்.' நிரூபணங்களைச் சரிபார்க்கும் லீன் 4 மொழியில் முன்பாதியை எக்ஸிஸ்ட்ஸ் ('ஒன்று உண்டு') வைத்து எழுதினேன். பின்பாதியில் கழுதையை வெளியே எடுக்க மேட்ச் போட்டால், 'ப்ராப்புக்குள் மட்டுமே எலிமினேட் செய்யலாம்' (அதாவது பிரித்துப் பயன்படுத்தலாம்) என்று பிழை. ப்ராப் என்பது கூற்றுகளின் டைப். நான் கட்டுவதும் ப்ராப்தானே? 'ஒன்று உண்டு' என்பதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து தரும் கிளாசிக்கல் சூஸ் போட்டால் பிழை போகிறது. ஆனால் இரண்டு கழுதைகளில் ஒன்றை மட்டும் அடிக்கும் விவசாயியை வைத்துப் பார்த்தால், வாக்கியத்தை நிரூபிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

பதில் 1:
நீங்கள் கட்டுவது ஒரு கூற்றை, அதன் நிரூபணத்தை அல்ல. கூற்றின் டைப் ப்ராப். அந்த ப்ராப் இருப்பதோ டைப் உலகத்தில். லீன் மறிப்பது அங்கேதான். ப்ராப்பில் ஒரு கூற்றின் நிரூபணங்கள் எல்லாம் ஒன்றே என்பதால், எந்தக் கழுதை என்ற தகவல் மிஞ்சாது. சூஸ் ஏதோ ஒரு கழுதையைத் தரும், எது என்று மட்டும் சொல்லாது.

சப்டைப் போடுங்கள்: கழுதையும் அது இவருடையது என்பதற்கான சான்றும் சேர்ந்த ஜோடி. அப்படிப்பட்ட ஒவ்வொரு ஜோடிக்கும், முதல் உறுப்பை அவர் அடிக்கிறார் என்று எழுதுங்கள். (சிக்மா என்ற இன்னொரு ஜோடி டைப் நேரடியாக ஏற்காது, உடைமை ப்ராப் அல்லவா.) எல்லாக் கழுதைகளையும் என்ற பொருள்தானே உங்களுக்கு வேண்டும்? மார்ட்டின்-லோஃப் டைப் தியரியில் தர்க்கவியலாளர் சுண்ட்ஹோல்ம் 1986-இல் காட்டிய வழியின் சாரம் இதுதான்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, இரண்டு கழுதைக்காரருக்கு மறுப்பும் கிடைத்தது. நன்றி! அப்புறம், 'ஒருவர் வந்தார். அவர் விசிலடித்தார்.' ஆள் யாரென்று தெரியாததை ஆப்ஷன் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற டைப்) வைத்துச் சொல்லலாமா?

பதில் 2:
வேண்டாம். ஆப்ஷனில் 'நன்' (none) என்றால் மதிப்பே இல்லை. இங்கே ஆள் உண்டு, யாரென்றுதான் தெரியாது. ஆளை ஒரு மாறியாகவும், அவர் வந்ததற்கான சான்றை இன்னொரு மாறியாகவும் சூழலில் (அதுவரை வந்த மாறிகளின் பட்டியலில்) வையுங்கள். அடுத்த வாக்கியத்தின் டைப் அவற்றைச் சார்ந்து வரும். தகவல் கூடக்கூடச் சூழல் நீளும். ஆள் தெரிந்ததும் மாறியின் இடத்தில் அவரைப் போட்டுக்கொள்ளலாம். ஆய்வாளர் ரான்டா 1994-இல் இதை விரிவாகச் செய்திருக்கிறார்.

மொழியியலாளர் ராபின் கூப்பர் இதைப் பெயரிட்ட புலங்கள் கொண்ட ரெக்கார்டு டைப்களால் செய்கிறார். டைப் மட்டும் உள்ள புலத்தில் மதிப்பைப் பின்னர் நிரப்பலாம், புலம் கூடிய டைப் குறைந்ததற்குத் துணை டைப் ஆகும். ஒரு ஸ்ட்ரக்சரில் புலங்களைக் கூட்டும் லீனின் எக்ஸ்டெண்ட்ஸ் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் உண்மையில் அது பெற்றோருக்குப் போகும் ஒரு ஃபங்ஷன்தான்.

பதில் 1:
'ஒவ்வொரு' இடத்தில் 'பெரும்பாலான' வந்தால் மட்டும் ஜோடிகளை எண்ணாதீர்கள். நூறு கழுதை வைத்திருக்கும் ஒரே ஆள் முடிவையே மாற்றிவிடுவார். விவசாயிகளை எண்ணுங்கள்.