சிலம்பம் கத்துக்கிற பசங்க முரட்டுத்தனத்துக்கு என்ன வழி?

வேலூர், காட்பாடி பக்கம் சிலம்பம் சொல்லித்தரும் ஆசான்கள் உதவணும். 12–15 வயசுப் பசங்க சிலருக்கு வித்தை ஏற ஏற முரட்டுத்தனமும் ஏறுது. கம்பு பிடிச்சதாலயே நல்ல குணம் வந்துடாது. 1986-ல் டிரல்சன் வெளியிட்ட ஆய்வில், தியானம், மரியாதையோடு டேக்வாண்டோ (கொரிய தற்காப்புக் கலை) கற்ற பிள்ளைகளிடம் ஆவேசம் குறைஞ்சது. சண்டை நுணுக்கம் மட்டும் கற்றவங்ககிட்ட கூடுச்சு.

இப்போதைய வகுப்பு: வணக்கம், 20 நிமிஷம் காலடி (கால் வைக்கும் பயிற்சி), நெற்றி உயரக் கம்பில் வீச்சு, கடைசியில் தொடுமுறை (எதிராளி உடம்பைக் கம்பு நுனியால் தொடும் ஆட்டம்). சிக்கல் தொடுமுறையில்தான். கம்பு நுனியில் சாம்பல் தடவினாலும், வேர்வையில் தடம் கலைஞ்சுடுது; பட்டதை ஒத்துக்காம சண்டை. தொடு வாங்கினவனே கை தூக்கிச் சொல்லணும்னு வைக்கலாமா? மறைச்சா ஒரு வாரம் காலடி மட்டும்னா சரியா வருமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.