தண்ணீர் சேர்த்ததும் ஜின் கலங்குகிறது, வடிகட்டலாமா?

கேள்வி: உரிமம் பெற்ற சிறிய வடிசாலை எங்களுடையது. ஜின்னுக்கு முக்கிய வாசனை தரும் ஜூனிபர் காய் மட்டும் வெளியிலிருந்து வருகிறது, எலுமிச்சைத் தோல், கொத்தமல்லி விதை, மற்ற மூலிகைகள் எல்லாம் சுற்றுவட்டாரத்தில் விளைபவை. வடிந்து வரும்போது தெளிவாக இருக்கும் ஜின், ஆல்கஹால் 42 சதவீதமாகக் குறையும்படி தண்ணீர் கலந்ததும் பால் விட்ட மாதிரி ஆகிவிடுகிறது. வடிகட்டினால் போதுமா?

பதில் 1: அது அழுக்கு இல்லை, எண்ணெய். தோலிலும் ஜூனிபரிலும் இருக்கும் வாசனை எண்ணெய்கள் ஆல்கஹால் அதிகமாக உள்ளவரை கரைந்தே இருக்கும், தண்ணீர் கூடக் கூடப் பிரிந்து நுண்துளிகளாக மிதக்கும். ஊசோ என்ற கிரேக்க சோம்பு மதுவில் தண்ணீர் விட்டால் வெளுப்பதும் இதே காரணத்தால்தான். குளிரவைத்து வடிகட்டினால் தெளியும், ஆனால் வாசனையும் கொஞ்சம் கூடவே போய்விடும். அப்புறம் உள்ளூர்த் தோலைத் தேடிப் போட்டு என்ன பயன்?

பதில் 2: தோலைக் குறைத்துப் பாருங்கள். அதோடு கடைசி வடிப்பை இன்னும் சீக்கிரம் பிரித்துவிடுங்கள், கனமான எண்ணெய்கள் பெரும்பாலும் அங்கேதான் வரும். ஒரே பருவத்துத் தோலிலேயே எண்ணெய் அளவு மாறும் என்பதால், ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் எடுத்துத் தனியாக வடித்துப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்வது நல்லது.

பதில் 3: இன்னொரு வழி, நடுநிலை ஆல்கஹாலை (மூலிகை வாசனை ஏதும் இல்லாதது) சேர்த்து எண்ணெயின் செறிவைக் குறைத்துவிட்டு, பிறகு தண்ணீர் கலப்பது. ஜின் வகையைப் பொறுத்து லேபிள் விதிகள் மாறும், அதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, அடுத்த முறை தோலைப் பாதியாக்குகிறேன். லேசாகக் கலங்கினால் அப்படியே பாட்டிலில் அடைத்துவிடலாமா?

பதில் 1: தாராளமாக. கலங்கலால் கெடுதல் இல்லை, லேபிளில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.