உம் கொட்டினால்தான் கதை நகரும்

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அழித்த புயலில் தப்பிய ஒரு பாட்டியைப் பதிவு செய்ய ராமேஸ்வரம் போயிருந்தேன். பதிவில் உன் குரல் விழக்கூடாது, தலையை மட்டும் ஆட்டு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படியே செய்தேன். பாட்டிக்கோ கண்புரை, தலையாட்டுவது தெரியவில்லை. இரண்டு வார்த்தை சொல்வார், நிறுத்துவார். "தம்பி, இருக்கியா?" மூன்றாம் தடவை அப்படிக் கேட்டதும், சரி, பதிவு கெட்டால் கெடட்டும் என்று "ம்" கொட்ட ஆரம்பித்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் பேச்சு நிற்கவில்லை.

முதலில் நான் கேட்டது, பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் கடலோடு போனதைப் பற்றி. மளமளவென்று சொன்னார், செய்தித்தாளில் படித்த மாதிரியே இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம். அவர் ரயிலைப் பார்க்கவே இல்லை! "அன்னிக்கு அடுப்புல என்ன இருந்துச்சு பாட்டி?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. விரல் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. "கஞ்சி. உப்புப் போடல. போடுறதுக்குள்ள தண்ணி வந்துருச்சு." அதற்குமேல் சொன்னதெல்லாம் அவரே பட்டது.

* * *

உம் கொட்டுவது என்றதும் எங்கள் நாகர்கோவில் பக்கத்து வில்லுப்பாட்டுதான் நினைவுக்கு வந்தது. புலவர் ஒரு வரி சொன்னால் பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" என்று வாங்குவார். "எதுக்கு?" என்று அவர் கேட்ட பிறகுதான் புலவர் காரணத்துக்கே வருவார். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகும்போது அந்தப் பக்கப்பாட்டுக்காரரையும் கவனித்துக் கேளுங்கள்.

* * *

என் அப்பா, இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, அங்கே ஒரு தோட்டத்திலிருந்து தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தவர். "கப்பல் ஏறும்போது அழுதீங்களாப்பா?" என்று கேட்டேன். "ஆமா, அழுதோம்" என்றார், அதோடு முடிந்தது. பல மாதம் கழித்துப் பதிவைப் போட்டுக் கேட்டபோது நெஞ்சில் சுருக்கென்றது. அழுகை என்ற சொல் என் வாயிலிருந்துதான் வந்திருந்தது. அப்பாவுக்குச் சொல்ல நான் இடமே விடவில்லை.

மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை "கப்பல்ல என்ன செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். டீ ஆறிப்போனது.

"உங்க அத்தைக்கு ஒரே வாந்தி. ஏனத்தப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். நிமிந்து பாத்தப்ப அந்தக் கரையே தெரியல."