மறு: அன்கான்ஃபரன்ஸுக்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் போடாமல், வந்தவர்களே அன்று காலை தலைப்புகளை எழுதி ஒட்டி நடத்தும் கூட்டம்தான் அன்கான்ஃபரன்ஸ். நம் சுவரொட்டிக்காக அதற்குத் தமிழ்ச் சொல் தேடி, மூன்று நாளாக இந்த மடல் இழை நீண்டுகொண்டே போகிறது. நானும் என் பங்குக்கு.

> ஐயா, 'அன்மாநாடு' என்றே வைத்துவிடலாம். அல்லாத என்று பொருள்படும் அல், மொழியோடு சேர்ந்தால் அன்மொழி ஆகிறதே!

இலக்கணம் சரிதான். அன்மொழித்தொகையும் அஃறிணையும் இருக்கும் மொழியில் அன்மாநாட்டை யாரும் தடுக்க முடியாது. ஆனால் காதில் விழும்போது அந்த 'அன்' ஆங்கில முன்னொட்டாகவே கேட்கிறது. என் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "பாதி மொழிபெயர்த்துட்டு மறந்துட்டீங்களா அப்பா?" என்றாள். போகட்டும், அந்தச் சொல் அங்கே எது இல்லை என்பதோடு நின்றுவிடுகிறது. அங்கே என்னதான் நடக்கும் என்று கேட்பவருக்கு அதில் பதில் கிடையாது.

> 'கட்டற்ற மாநாடு'?

கட்டற்ற மென்பொருள் என்று எழுதி எழுதிப் பழக்கிவிட்டோம். சுவரொட்டியைப் பார்ப்பவர் லினக்ஸ் இயங்குதளம் நிறுவித் தருவார்கள் என்று மடிக்கணினியோடு வந்து நிற்பார். 'நிரலில்லா' என்று தொடங்குபவற்றுக்கும் இதே கதி. நிரல் என்றால் இன்று கணினி புரோகிராம். 'பட்டறை' 2007-இல் சென்னையில் வலைப்பதிவர்கள் கூடியபோது நன்றாகவே ஓடியது. இப்போது அது வொர்க்‌ஷாப்புக்கு எழுதிக் கொடுத்த சொல். 'திண்ணை' அழகுதான். ஆனால் யார் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவில் நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்த ஊரில் வளர்ந்தவன் நான். எல்லாருக்கும் திறந்த கூட்டத்துக்கு அந்தப் பெயர் வைக்க மனம் வரவில்லை.

> எங்கட பக்கம் ஒன்றுகூடல் எண்டு சொல்லுவம். அது காணாதோ?

அக்கா, கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பழைய மாணவர் ஒன்றுகூடல், குடும்ப ஒன்றுகூடல் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுமே. நமக்கு இன்னும் குறுகலான சொல் வேண்டும்.

சொல்லை விட்டுவிட்டுக் கொஞ்சம் பொருளைப் பார்ப்போம். அமெரிக்கரான ஹாரிசன் ஓவன் ஒரு வருடம் பாடுபட்டு 1983-இல் ஒரு மாநாடு நடத்தினார். வந்தவர்களுக்குப் பிடித்தது காபி இடைவேளைதான் என்று தெரிந்தது. சரி, இடைவேளையையே கூட்டமாக வைத்தால் என்ன என்று 1985-இல் ஆரம்பித்ததுதான் ஓப்பன் ஸ்பேஸ்: வட்டமாக நாற்காலிகள், ஒரு வெற்றுச் சுவர், வந்தவர்களே எழுதி ஒட்டும் தலைப்புகள். 'இரண்டு கால் விதி' என்றும் ஒன்று வைத்தார். கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடு. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பிறகு இதே பாணியில் 2003-இல் ஓ'ரைலி பதிப்பகம் நடத்திய ஃபூ கேம்ப், அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும். 2005 ஆகஸ்டில் பாலோ ஆல்டோவில், அழைப்பே தேவையில்லை என்று ஒரு வாரத்துக்குள் கூட்டிய பார்கேம்ப். அடுத்த வருடமே அது சென்னை டைடல் பூங்காவுக்கு வந்துவிட்டது.

இந்த இழையில் சிலர் மாநாட்டையும் அன்கான்ஃபரன்ஸையும் கட்டணத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். ஆப்பிளின் டெவலப்பர் மாநாட்டுக்கு 2019-இல் 1,599 டாலர், அதுவும் குலுக்கலில் பெயர் விழுந்தால்தான். உண்மைதான். ஆனால் இலவசமாக நடத்தினாலும், அச்சிட்ட நிகழ்ச்சி நிரலோடு நடந்தால் அது மாநாடுதான். அந்த நிகழ்ச்சி நிரலை எழுதுவது யார், எப்போது என்பதுதான் என் கேள்வி.

நானே இரண்டிலும் பேசியிருக்கிறேன். ஒரு பெரிய தொழில்துறை மாநாட்டுக்கு ஆறு மாதம் முன்பே சுருக்கம் அனுப்பினேன், குழு தேர்ந்தெடுத்தது. நான் மேடையேறுவதற்குள் நான் விளக்க வேண்டிய மென்பொருளின் அடுத்த பதிப்பே வந்துவிட்டது. பழைய திரைக்காட்சிகளையே காட்டிவிட்டு இறங்கினேன். இன்னொன்று அன்கான்ஃபரன்ஸ், ஒரு கல்லூரியில், ஞாயிற்றுக்கிழமை. சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு, குறுக்கே அறைகள், நெடுக்கே நேரம். யாரோ மின்விசிறியைப் போட, தலைப்பு எழுதி ஒட்டிய மஞ்சள் சீட்டுகள் அத்தனையும் பறந்தன. பொறுக்கி ஒட்டும்போதுதான் எழுத்துரு மாற்றி பற்றி மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருந்தது தெரிந்தது. மூன்றும் ஒரே அமர்வாயிற்று.

இதை வைத்து மாநாட்டை மட்டம் தட்ட வேண்டாம். கணினியில் தமிழ் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 விசைப்பலகை 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தது. அப்படி எல்லாருக்கும் பொதுவான தரப்பாடு மஞ்சள் சீட்டில் பிறக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் குரல் பெரிதாக உள்ள நாலு பேர்தான் அதிகம் பேசினார்கள். பேசியதைக் குறித்துவைக்கவும் ஆளில்லை.

என் பரிந்துரை: பலகைக்கூடல். காலையில் வெறுமையாக இருந்து, வந்தவர்கள் சீட்டு ஒட்ட ஒட்ட நிரம்பும் அந்தப் பலகைதான் மாநாட்டில் இல்லாத ஒரே சாமான். சங்கப்பலகை நினைவு வருகிறது என்பீர்கள். வரட்டும். தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம் கொடுத்த அந்தப் பலகை, கட்டுரைத் தேர்வுக் குழுவுக்குத்தான் பொருந்தும். நம் பலகையில் சீட்டு எழுதும் எவருக்கும் இடம் உண்டு. 'கூடல்' என்றால் காமத்துப்பால் வாடை அடிக்கிறது என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். மதுரைக்காரர்கள் அவரைப் பார்த்துக்கொள்வார்கள்.

"போன வாரம் பலகைக்கூடலுக்குப் போயிருந்தேன்." வாயில் தடுக்கவில்லை. முதல் முறை எழுதும்போது மட்டும் அன்கான்ஃபரன்ஸ் என்றும் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

சுவரொட்டி வாசகத்தை அச்சகத்துக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார். வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். வெறும் மறுப்பு மட்டும் வந்தால் அன்மாநாடு என்றே அச்சாகிவிடும், சொல்லிவிட்டேன்.