கழுத்து ரத்தக்குழாயில் 80% அடைப்பு: ஆபரேஷனா, ஸ்டென்ட்டா?

செந்தூல்மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 74 வயது, இனிப்புநீரும் பிரஷரும் உண்டு. போன வியாழன் வலது கை மரத்து, பேச்சு குழறி, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. டாப்ளர் ஸ்கேனில் இடது பக்கம் 80%, வலது பக்கம் 50% அடைப்பு. ஒரு டாக்டர் கழுத்தைத் திறந்து எடுக்கணும் என்கிறார், இன்னொருவர் ஸ்டென்ட் போதும் என்கிறார். எதற்குச் சம்மதிப்பது? இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையில் முடித்துவிடலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_தம்பி:
அக்கா, எது என்பதைவிட எப்போது என்பது அவசரம். இப்படி வந்து போனபின் பெரிய ஸ்ட்ரோக் வரும் ஆபத்து முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம். அதற்குள் முடித்தால்தான் முழுப் பலன். இன்சூரன்ஸ் ஜி.எல். (உத்தரவாதக் கடிதம்) இழுத்தடித்தால் ஸ்கேன் சிடியோடு பொது மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

இந்த வயதுக்கு என் ஓட்டு ஆபரேஷனுக்கே. ஸ்டென்ட் கம்பி தொடை வழியாக ஏறி, நெஞ்சிலுள்ள பெருந்தமனி வளைவைத் தாண்டிப் போகணும். எழுபதைக் கடந்தவர்களுக்கு அந்த வளைவு கோணலாகி, சுண்ணாம்பு படிந்திருக்கும். கம்பி உரசி ஒரு துணுக்கு பெயர்ந்தால் நேரே மூளைக்குப் போகும். துணுக்கைப் பிடிக்கும் வடிகட்டிக் குடையை அதற்கு மேலே, கழுத்தில்தான் விரிப்பார்கள். அதுவரை காவல் இல்லை. 2010இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில் சிகிச்சையை ஒட்டி வந்த ஸ்ட்ரோக் ஸ்டென்ட்டில் 4.1%, ஆபரேஷனில் 2.3%. மாரடைப்பு மட்டும் தலைகீழ்: 1.1%, 2.3%. இதயம் பலவீனமா என்று எக்கோ பார்க்கச் சொல்வது அதனால்தான்.

ஆபரேஷனிலும் வில்லங்கம் உண்டு. நரம்பு இழுபட்டால் குரல் கரகரக்கும், நாக்கு ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகும். முதல் நாள் கழுத்து வீங்கி மூச்சு திணறினால் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள், உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம்.

வலது பக்கத்தைத் தொடவேண்டாம். தொந்தரவு தராத 50%க்கு மாத்திரையும் ஸ்கேன் கண்காணிப்பும் போதும்.

ஜெலுத்தோங்_அண்ணாச்சி:
தம்பி சொன்னது சரி, ஆனால் சிலருக்கு ஸ்டென்ட்தான் நல்லது. கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர்கள் (நம் ஊரில் மூக்குத்தொண்டைப் புற்று அபூர்வமில்லை), அதே பக்கம் முன்பே வெட்டுப்பட்டவர்கள், அடைப்பு தாடைக்குப் பின்னால் உயரத்தில் இருப்பவர்கள். சிடி ஆஞ்சியோ (சாயம் ஏற்றி எடுக்கும் ரத்தக்குழாய் ஸ்கேன்) பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு முன் கிட்னி ரத்தப் பரிசோதனை செய்து, இனிப்புநீர் மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதை நிறுத்தணுமா என்றும் கேளுங்கள் தங்கச்சி.

டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்கவேண்டியது: "உங்கள் டீமில் ஸ்ட்ரோக்கும் மரணமும் சேர்ந்து நூற்றுக்கு எத்தனை?" அப்பா மாதிரி அறிகுறி வந்தவர்களுக்கு 6%க்குக் கீழே இருக்கணும். மழுப்பினால் வேறு இடம்.

செந்தூல்மகள்:
நன்றி அண்ணே. ஸ்டென்ட் என்று முடிவானால் மாத்திரை எப்படி?

ஜெலுத்தோங்_அண்ணாச்சி:
ரத்தம் கட்டாமல் தடுக்க அஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம், குறைந்தது 3 நாள் முன்பிருந்தே. அவசரமென்றால் 300 ஒரே தடவையாகத் தருவார்கள். பிறகு குறைந்தது 4 வாரம் இரண்டும், அப்புறம் ஒன்று மட்டும் ஆயுசுக்கும். நடுவில் பல் பிடுங்க என்று யாரும் நிறுத்தச் சொன்னால் முதலில் ஸ்டென்ட் டாக்டரைக் கேளுங்கள். வயிற்றுக்கு ஒமெப்ரசோல் சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். அது குளோபிடோக்ரெலின் வேலையைக் கெடுக்கும், பான்டோப்ரசோலுக்கு மாற்றித் தருவார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_தம்பி:
எதைச் செய்தாலும், வீடு திரும்பியபின் பிரஷரைக் காலை மாலை எழுதி வையுங்கள். செய்த பக்கமே மண்டையைப் பிளக்கும் தலைவலி, பிரஷரும் ஏறுது என்றால் பனடோல் போட்டுப் படுக்கவைக்காதீர்கள். நீண்டநாள் குறைவாக ஓடிய இடத்தில் ரத்தம் திடீரென்று பாய்வதால் வருவது அது. வலிப்பு, மூளை ரத்தக்கசிவு வரை போகும். 999 அடியுங்கள்.