வளைகாப்புக்கு முன்னாடி அண்ணியை ஸ்பாவுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

கேள்வி: கோவை_நாத்தனார்

எங்க அண்ணிக்கு இப்போ 26 வாரம். அடுத்த வாரக் கடைசியில வளைகாப்பு. அதுக்கு முன்னாடி ஒரு நாள் ஸ்பாவுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. பேக்கேஜ்ல 90 நிமிஷம் அரோமா எண்ணெய் மசாஜ், 15 நிமிஷம் ஸ்டீம் பாத், பாடி ஸ்க்ரப், ஃபேஷியல், பெடிக்யூர் எல்லாம் வருது. வளைகாப்புக்கு முந்தின நாள் மெஹந்தி வேற. பிபி, சுகர் நார்மல், நஞ்சு (நஞ்சுக்கொடி) மேலதான் இருக்குன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. இடுப்பு வலியும் சாயங்காலமானா கால் வீக்கமும்தான் அண்ணிக்குத் தொல்லை. டாக்டர் "மசாஜ் பண்ணிக்கலாம், சூடு வேண்டாம்"னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அம்மாவோ "வீட்டிலேயே எண்ணெய் தேச்சுக் குளிச்சா போதும்"ங்கிறாங்க. எதை எடுக்கலாம், எதை விடணும், அங்கே என்ன சொல்லி வைக்கணும்னு விவரமா சொல்லுங்களேன்.

பதில் 1: பேறுகால_பிசியோ

ஸ்டீம் பாத்தை முதல்ல அடிச்சுடுங்க. அதுக்குப் பதிலா வேற ஏதாவது தர்றாங்களான்னு கேளுங்க. தாயோட உள் உடம்புச் சூடு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. முதல் மூணு மாசத்துல இது ரொம்பவே முக்கியம், ஏன்னா குழந்தையோட மூளை, தண்டுவடமா ஆகப்போற குழாய் ஆறாவது வார வாக்கில்தான் மூடுது. அண்ணி அந்தக் கட்டத்தைத் தாண்டிட்டாங்க. ஆனாலும் ஆபத்து போயிடலை. சூட்டுல ரத்தக் குழாய் விரிஞ்சு பிபி இறங்கும், தலை சுத்தும், ஈரத் தரையில விழுந்துடுவாங்க. ஆவி அறையில காத்து முழுக்க ஈரமா இருக்கிறதால வேர்வை காயாது, உடம்பு தன்னைக் குளிர்விச்சுக்க வழியே இருக்காது. குழந்தையோட சூடு எப்பவும் தாயை விட அரை டிகிரி போல கூடுதல்; அதை அது தாய் வழியாத்தான் வெளியேத்த முடியும். சானா, ஜக்கூஸி, சுடுகல் மசாஜ், உடம்பு முழுக்கச் சுத்தி வைக்கிற ராப், கிழி ஒத்தடம் எல்லாத்துக்கும் இதே காரணம்தான். இடுப்புக்கு மட்டும் இளஞ்சூட்டு ஒத்தடம் பத்து நிமிஷம் வெச்சா தப்பில்லை.

அடுத்தது மசாஜ். இதுல பெரும்பாலான தப்பு நடக்கிறது படுக்க வைக்கிற விதத்துல. 20 வாரத்துக்கு மேல நேரா மல்லாக்கப் படுத்தா, கீழ் உடம்புல இருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவர்ற பெரிய சிரையை கர்ப்பப்பை அழுத்தும். மயக்கம், குமட்டல், படபடப்பு வரும். குழந்தைக்குப் போற ரத்தமும் குறையும். வயிறு இறங்குற மாதிரி ஓட்டை வெச்ச மேஜையில குப்புறப் படுக்க வைக்கிறதும் எனக்குச் சரியாப் படலை. வயித்தோட பாரம் தொங்கி கர்ப்பப்பையைத் தாங்குற தசைநார்களையும் இடுப்பையும் இழுக்கும். அண்ணிக்கு ஏற்கெனவே வலி இருக்கிற இடமே அதுதான்.

ஒருக்களிச்சுதான் படுக்கணும், இடது பக்கம் முதல்ல. தலைக்கு ஒரு தலையணை. முட்டியில இருந்து கணுக்கால் வரைக்கும் முழுசா தாங்குற மாதிரி ரெண்டு காலுக்கும் நடுவுல ஒண்ணு. முட்டிக்கு மட்டும் வெச்சா பாதம் தொங்கி இடுப்பு முறுக்கிக்கும். வயித்துக்கு அடியில மடிச்ச துண்டு, கட்டிப் பிடிச்சுக்க இன்னொரு தலையணை. பாதி நேரத்துல வலது பக்கம் திருப்பலாம். ஃபேஷியலுக்கு நாற்காலி முதுகை 45 டிகிரிக்கு நிமிர்த்தி, வலது இடுப்புக்கு அடியில சின்ன மடிப்புத் துண்டு வைக்கச் சொல்லுங்க.

90 நிமிஷம் அதிகம். 45 போதும், 60க்கு மேல வேண்டாம். நடுவுல பாத்ரூம் போகவும் விடணும்.

இடுப்பு வலிக்கு முதுகெலும்பு மேல அழுத்திப் பிரயோஜனம் இல்லை. எலும்புக்கு ரெண்டு பக்கமும் ஓடுற தசை, பிட்டத் தசை, இடுப்பெலும்போட மேல் விளிம்பு: இங்கே உள்ளங்கை அடிப்பாகத்தால நிதானமா அழுத்தணும். வயித்துல யாரும் கை வைக்க வேண்டாம். எண்ணெய் தடவணும்னா அண்ணியே லேசாத் தடவிக்கட்டும். வயிறு தடவி விடுறேன், குழந்தையைத் திருப்பி விடுறேன்னு யாராவது வந்தா கண்டிப்பா விடாதீங்க. அழுத்தத்துல நஞ்சு பிரிஞ்சு ரத்தப்போக்கு வரலாம். குழந்தையைத் திருப்பணும்னா அது 36 வாரத்துக்கு மேல, ஆஸ்பத்திரியில ஸ்கேன் பார்த்துக்கிட்டு, அவசர சிசேரியனுக்கு வசதி வெச்சுக்கிட்டுச் செய்யற வேலை.

கால்தான் நான் ரொம்பக் கவலைப்படுற இடம். கர்ப்பத்துல ரத்தம் இயல்பாவே சீக்கிரம் உறையும். கால் சிரையில, குறிப்பா இடது கால்ல, ரத்தக்கட்டி நிக்க வாய்ப்பு உண்டு. ஆழமாப் பிசைஞ்சா அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிடும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு கால் மட்டும் பருத்து, சூடா, சிவந்து, ஆடுசதையில வலிச்சா மசாஜை விட்டுட்டு அன்னிக்கே டாக்டர்கிட்ட போய் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற ஸ்கேன்) பாருங்க. ரெண்டும் சமமா வீங்கி ராத்திரி படுத்து எழுந்ததும் வடிஞ்சா, அது வழக்கமான வீக்கம். அதுக்கும் கணுக்கால்ல இருந்து மேல் நோக்கி உள்ளங்கையால லேசா வருடினா போதும். ஆடுசதையிலயும் உள்தொடையிலயும் கட்டைவிரல் வெச்சு அழுத்தக் கூடாது, புடைச்ச நரம்பு மேல கை படவே கூடாது. முகமும் விரலும் திடீர்னு வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தா, நேரா பிபி பார்க்கப் போங்க.

பதில் 2: சருமம்_சார்ந்து

ஃபேஷியல், மெஹந்தி, பெடிக்யூர் பத்தி நான் சொல்றேன்.

ஃபேஷியல்ல என்ன க்ரீம்னு லேபிளைப் பார்க்காம முகத்துல கை வைக்க விடாதீங்க. ரெட்டினால், ட்ரெட்டினாயின், அடாபலீன் எந்தப் பேர்ல இருந்தாலும் வேண்டாம். ஹைட்ரோகுவினோன் தோல் வழியா நிறையவே ரத்தத்துல கலக்கும், அதுவும் வேண்டாம். சாலிசிலிக் ஆசிட் 2 சதவீத ஃபேஸ்வாஷ் பரவாயில்லை. 20, 30 சதவீத பீல் கூடாது. முகத்துல மின்சாரம் பாய்ச்சுற கருவிகளையும் தவிர்த்துடுங்க. கிளென்சிங், கற்றாழை, வைட்டமின் சி, அசெலாயிக் ஆசிட், த்ரெடிங் இதெல்லாம் செய்யலாம்.

மங்கு வந்திருந்தா ப்ளீச் பண்ணலாம்னு பார்லர்ல சொல்வாங்க. ஹார்மோன் உச்சத்துல இருக்கும்போது எரிச்சல் பட்ட இடம் இன்னும் கறுக்கும். துத்தநாக ஆக்சைடு கலந்த, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தினமும் போட்டாலே மேல பரவாது. தயாரிப்பாளர் பேர், பேட்ச் நம்பர் இல்லாத சிவப்பழகு க்ரீமைத் தொடவே தொடாதீங்க, இலவசமா கொடுத்தாலும். கேரளாவுல மலப்புரத்துல 2023ல இப்படிப்பட்ட க்ரீம் போட்டவங்களுக்குச் சிறுநீரகம் பாதிச்சதுக்கு அதுல இருந்த பாதரசம்தான் காரணம்னு தெரிய வந்தது. பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும்.

மருதாணி நல்லது, "பிளாக் மெஹந்தி" கோன் கெட்டது. நிஜ மருதாணி எடுத்ததும் ஆரஞ்சு நிறத்துல இருக்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல செங்காவியா இருளும். ஒரு மணி நேரத்துல கரியா கறுத்துச்சுன்னா அதுல தலைமுடிச் சாயத்துல போடுற பினைலீன்டையமீன் இருக்குன்னு சந்தேகப்படணும். கொப்புளம், தழும்பு வரைக்கும் போகும். ஒரு தடவை ஒவ்வாமை வந்தா பின்னாடி ஹேர் டை போடும்போதெல்லாம் திரும்ப வரும். மருதாணி இலையையோ, வெறும் இலைப்பொடியையோ வீட்டிலேயே குழைச்சு வெச்சா கவலை இல்லை. குடும்பத்துல யாருக்காவது ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு சுலபமா உடையற பரம்பரைக் குறைபாடு) இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுட்டு வைங்க. நிறம் நல்லா ஏறணும்னா முந்தின நாள் போதாது, ரெண்டு நாள் முன்னாடியே வைக்கணும்.

பெடிக்யூருக்குத் தண்ணி 37 டிகிரிக்குள்ள, பத்து நிமிஷம். முழங்கையை விட்டுப் பார்த்தா சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. தண்ணி சுழலுற தொட்டியை விட சாதா டப்பா நல்லது. சுழல் தொட்டியோட வடிகட்டியில முடி, தோல் துகள் சேர்ந்து கிருமி வளரும். 2000ல கலிஃபோர்னியாவுல ஒரே சலூன்ல இப்படி நூத்துக்கும் மேல பேருக்குக் கால்ல ஆறாத கொப்புளம் வந்தது. முதல்லயே கால் ஷேவ் பண்ணிட்டுப் போனவங்களுக்குத்தான் அதிகம். அதனால முந்தின நாள் ஷேவிங், வேக்ஸிங் வேண்டாம். கத்தரி, புஷர் எல்லாம் ஆட்டோக்ளேவ்ல (அழுத்த நீராவியில கிருமி நீக்குற கருவி) வெச்சதான்னு கேளுங்க. நீல விளக்குப் பெட்டியைக் காட்டினா ஏமாந்துடாதீங்க. பிளேடு போட்டுக் குதிகாலைச் சீவ விடாதீங்க.

ஸ்க்ரப் லேசா கை கால்ல மட்டும். ஒண்ணு முக்கியம்: சொறி, தடிப்பு எதுவும் இல்லாம உள்ளங்கை, உள்ளங்கால் ராத்திரியில அரிச்சா அதுக்கு எண்ணெயும் ஸ்க்ரப்பும் வைத்தியம் இல்லை. பித்தநீர் தேக்கமா இருக்கலாம். கல்லீரல் பரிசோதனையும் ரத்தத்துல பைல் ஆசிட் (பித்த அமிலம்) அளவும் பார்க்கச் சொல்லுங்க.

பதில் 3: செக்கு_எண்ணெய்

மசாஜுக்கு வாசனை எதுவும் இல்லாத நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். வாசனை வேணும்னா லாவெண்டர் மட்டும், 30 மில்லிக்கு 6 சொட்டு, அதுக்கு மேல வேண்டாம். கற்பூரத் தைலம், வின்டர்கிரீன், கிளாரி சேஜ் கலந்தது கூடாது. இடுப்பு வலிக்குத் தடவுற பெரும்பாலான வலி பாம்ல மெத்தில் சாலிசிலேட் இருக்கும். அது ஆஸ்பிரின் இனம், 20 வாரத்துக்கு மேல டாக்டரைக் கேட்காம தடவாதீங்க.

அம்மா சொல்ற எண்ணெய்க் குளியலும் நல்லதுதான். ஆபத்து எண்ணெய்ல இல்லை, வழுக்குற தரையில. ஸ்டூல்ல உட்கார வைங்க, யாராவது கூடவே இருங்க, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தாதீங்க. கதவைச் சாத்திக்கிட்டு சாம்பிராணி போட வேண்டாம். தணல்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு தாயை விடக் குழந்தையைத்தான் கடுமையாத் தாக்கும். ஜன்னலோரமா ஃபேன் போட்டுத் தலையைக் காய வைங்க.

கோவை_நாத்தனார்

ரொம்ப நன்றிங்க. ஸ்பாவுல பேசினேன். ஸ்டீமை எடுத்துட்டு ஃபுட் ரிஃப்ளெக்ஸாலஜி (பாதத்துல புள்ளி பார்த்து அழுத்துற மசாஜ்) தர்றாங்களாம். கணுக்கால்ல ஒரு புள்ளியை அழுத்தினா பிரசவ வலி வந்துடும்னு சொல்றாங்களே, நிஜமா?

பேறுகால_பிசியோ

அந்தப் புள்ளியை அழுத்தினதால மட்டும் பிரசவ வலி வந்துச்சுன்னு நிரூபணம் கிடையாது. ஆனா தேவையும் இல்லை. உள் கணுக்காலுக்கு நாலு விரல் மேல இருக்கிற இடத்தையும், கையில கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற சதையையும் விட்டுடச் சொல்லி, பாதத்தை மட்டும் மிதமா அமுக்கச் சொல்லுங்க. அது சுகமாவே இருக்கும்.

மறுபடி போன் பண்ணும்போது "கர்ப்பிணியை எப்படிப் படுக்க வைப்பீங்க?"ன்னு மட்டும் கேளுங்க. ஒருக்களிச்சு, தலையணை வெச்சுன்னு அவங்களாவே சொன்னா பயிற்சி இருக்குன்னு அர்த்தம். "எப்படி வேணும்னாலும் பண்ணலாம்"னு சொன்னா வேற இடம் பாருங்க.

போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இட்லி மாதிரி லேசா ஏதாவது சாப்பிடச் சொல்லுங்க. முடிஞ்சதும் சடார்னு எழுப்பாம, பக்கவாட்டுல திரும்பிக் கையை ஊன்றி உட்கார்ந்து, ரெண்டு நிமிஷம் காலைத் தொங்கப் போட்டுட்டு, எண்ணெயைத் துடைச்சு, செருப்பு போட்ட பிறகே இறங்கணும். நடுவுல வயிறு விட்டு விட்டு இறுகினாலோ, தண்ணியோ ரத்தமோ பட்டாலோ, குழந்தை அசைவு குறைஞ்ச மாதிரி தோணினாலோ அத்தோட நிறுத்திட்டு நேரா ஆஸ்பத்திரி.